'விளிக்கல' (அழைக்கவில்லை) என்ற குறைக்கு மூன்று நாள் வைத்தியம்: ஒரு தவக்காலத் தியானம் பற்றி

கட்டணம் ஆளுக்கு 700 ரூபாய். வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு உள்ளே போனால் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் விடுவார்கள். குமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் ரப்பர் மரங்களுக்கு நடுவே, பேருந்து நிற்கும் இடத்திலிருந்து பத்து நிமிட ஏற்றத்தில் இருக்கிறது இந்தத் தியான இல்லம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் இதே பாடத்தை மூன்று மாலைக் கூட்டங்களாகச் சுருக்கிக் கத்தோலிக்கப் பங்குகளுக்கும் (ஊர்க் கோயில் சமூகங்களுக்கும்) மற்றச் சபைகளுக்கும் கொண்டுபோகிறார்கள். அதனால் இல்லத்தின் பெயரை விட்டுவிட்டுப் பாடத்தைப் பற்றியே பேசலாம். பொருள்: ஆணவமும் சண்டையும்.

நம் மாவட்டத்தில் தியானத்துக்குப் பஞ்சமில்லை. மாசி, பங்குனியில் தியானச் சுவரொட்டி இல்லாத மின்கம்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை சண்டைக்குத் தருகிற மருந்து ஒற்றைச் சொல்: மன்னியுங்கள். யாரை, எதற்கு, எந்த வார்த்தையில், மன்னித்த பிறகு வேலிக்கல் எந்த இடத்தில் நிற்கும் என்பதெல்லாம் வீட்டுக்குப் போய் நாமே பார்த்துக்கொள்ள வேண்டியது. இந்தத் தியானம் அந்த விவரங்களுக்குள் இறங்குகிறது. 700 ரூபாய்க்கு அது மலிவு. ஆனால் பெரிய ஓட்டை ஒன்றும் இருக்கிறது. அது மேடையிலேயே, பேனரிலேயே தொடங்குகிறது.

'அகந்தையினால்மாத்திரம் வாது பிறக்கும்.' நீதிமொழிகள் 13:10, பழைய மொழிபெயர்ப்பில். மூன்று நாளும் இந்த வரிதான் தலைக்கு மேலே தொங்குகிறது. இதில் 'மாத்திரம்' எதோடு சேரும் என்பதுதான் சிக்கல். எபிரேய மூலத்தில் 'மட்டும்' என்ற பொருள் தரும் 'ரக்' என்ற சொல் வரியின் தலையில் நிற்கிறது. அதை அகந்தையோடு சேர்த்து வாசித்தால், 'சண்டை பிறப்பது அகந்தையால் மட்டுமே'. சண்டையோடு சேர்த்து வாசித்தால், 'அகந்தையால் பிறப்பது சண்டை மட்டுமே'. இன்றைய மொழிபெயர்ப்புகளில் பல இரண்டாவது வாசிப்பைத்தான் எடுக்கின்றன. முதல் வாசிப்பின்படி சண்டையில் நிற்கிற இருவருமே அகந்தைக்காரர்கள். இரண்டாவதின்படி அகந்தைக்காரன் போகிற இடத்தில் சண்டை கட்டாயம் வரும். அவன் எதிரில் நிற்கிறவன் வெறுமனே தன் வாசலை மறித்துக்கொண்டு நிற்பவனாகவும் இருக்கலாம். இந்தத் தியானத்தின் பேச்சுகள் முதல் வாசிப்பில் ஓடுகின்றன. பயிற்சிகள் இரண்டாவது வாசிப்பில் ஓடுகின்றன. பயிற்சிகளே மேல்.

வெள்ளி இரவுப் பேச்சு ஒன்றரை மணி நேரம். கொஞ்சம் கனம்தான், தூக்கம் வந்தாலும் விழித்திருந்து கேளுங்கள். 604இல் இறந்த திருத்தந்தை பெரிய கிரகோரியார் யோபு நூலுக்கு எழுதிய விளக்கத்தில், ஆணவத்தை ஏழு தலையான பாவங்களுக்குள் சேர்க்காமல் ஏழுக்கும் அரசியாகத் தனியே நிறுத்துகிறார். அந்த ஏழில் முதலாவது வீண்பெருமை. வீண்பெருமைக்கு அவர் சொல்லும் பிள்ளைகள் ஏழு: கீழ்ப்படியாமை, தற்புகழ்ச்சி, வெளிவேடம், வாக்குவாதம், பிடிவாதம், மனப்பிரிவு, புதுமை காட்டும் துணிச்சல். அடிதடி இந்த வீட்டுப் பிள்ளை அல்ல. அது கோபத்தின் வீட்டில், ஏச்சோடும் கூச்சலோடும் சேர்த்து எண்ணப்படுகிறது. 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதை இன்னும் தெளிவாகப் பிரித்தார். மனத்தில் இருப்பது மனப்பிரிவு, வாயில் வருவது வாக்குவாதம், கையில் முடிவது சண்டை.

பேச்சாளர் கரும்பலகையில் மனம், வாய், கை என்று மூன்று கட்டம் போட்டு இதை விளக்குகிறார். பிரித்துப் பார்ப்பதால் என்ன லாபம் என்பதையும் சொல்கிறார். கை ஓங்கி நிற்பவரிடம் ஆணவத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. முதலில் கோபம் ஆற வேண்டும். ஆறு மாதமாக எதிர்வீட்டைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு போகிறவருக்குக் கோபம் எப்போதோ ஆறிவிட்டது. அங்கே மிச்சம் கிடப்பது 'நான் முதலில் பேசுவதா' என்கிற வீண்பெருமை. இருவருக்கும் ஒரே பிரசங்கம் செய்தால் ஒருவருக்கும் பிடிக்காது. இந்த ஒரு விளக்கத்துக்காகவே வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு எடுக்கலாம்.

அடுத்து ஒரு தாள் கொடுக்கிறார்கள். ஆணவத்தின் நான்கு வகை அதில் இருக்கும். இதுவும் கிரகோரியார் வகுத்து அக்குவினாஸ் எடுத்துக்கொண்டதுதான். தன்னிடம் உள்ள நன்மை தானே உண்டாக்கியது என்று எண்ணுவது முதலாவது. கடவுள் கொடுத்தார்தான், ஆனால் என் தகுதிக்குக் கொடுத்தார் என்பது இரண்டாவது. இல்லாததை இருப்பதாகக் காட்டுவது மூன்றாவது. மற்றவரை இகழ்ந்து, தான் மட்டும் தனித்துத் தெரிய விரும்புவது நான்காவது. ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி இடம். போன மாதத்தில் நீங்கள் சொன்ன ஒரு வாக்கியத்தை அப்படியே எழுத வேண்டும். குணத்தை எழுதக் கூடாது, வாக்கியத்தை எழுத வேண்டும் என்பதே இதில் நுட்பம். 'எனக்குப் பெருமை உண்டு' என்று எழுதினால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். 'எங்க அப்பா குடுத்த நிலத்துல கோயில் கெட்டியிருக்கு, எங்கிட்டயே கணக்கு கேக்கியாளா' என்று எழுதினால் எடுத்துக்கொள்கிறார்கள். வழக்கமாக நடக்கும் பிசகு, மூன்றாம் நான்காம் வகைகளுக்கு வந்ததும் பேனா தானாகவே மச்சினன் சொன்ன வாக்கியத்தை எழுதத் தொடங்கிவிடுவது. குழுவினர் இடையில் நடந்து பார்த்துத் திருத்துகிறார்கள்.

சனிக்கிழமை காலைப் பகுதிதான் இந்தத் தியானத்தின் உச்சம். விவிலியத்தின் நியாயாதிபதிகள் புத்தகத்திலிருந்து (கத்தோலிக்கப் பதிப்பில் நீதித்தலைவர்கள்) இரண்டு பகுதிகளை அடுத்தடுத்து வாசிக்கவிடுகிறார்கள்: 8:1-3, 12:1-6. ஒரே கோத்திரம், ஒரே குறை, இரண்டு விதமான முடிவு.

முதலாவதில், இஸ்ரயேலின் தலைவர் கிதியோன் 300 பேரோடு எதிரிகளான மீதியானியரைத் துரத்திவிட்ட பிறகு, இஸ்ரயேலிலேயே ஒரு பிரிவான எப்பிராயீம் கோத்திரத்தார் சண்டைக்கு வருகிறார்கள். தோற்றதால் வரவில்லை, போருக்குப் போகும்போது எங்களை ஏன் அழைக்கவில்லை என்று கேட்டு வருகிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், விளிக்கல. நம்மூரில் எத்தனை கல்யாண வீடு இந்த ஒரு சொல்லில் இரண்டாகப் போயிருக்கிறது! நேரில் வீட்டுக்கு வந்து விளிக்க வேண்டிய உறவுக்கு வாட்ஸ்அப்பில் அட்டை அனுப்பினால், அனுப்பியவர் கணக்கில் விளித்தாயிற்று, வாங்கியவர் கணக்கில் விளிக்கல. கிதியோன் யார் கணக்கு சரி என்று பார்க்கவே இல்லை. நீங்கள் செய்ததற்கு முன்னால் நான் செய்தது என்ன, என் குடும்பத்தாரின் முழு அறுவடையைவிட உங்கள் தோட்டத்தில் பொறுக்கியது மேல் அல்லவா என்கிறார். மீதியானியரின் பிரபுக்கள் இருவரைப் பிடித்தது எப்பிராயீமர்தான் என்பதால் அது வெறும் முகஸ்துதியும் அல்ல. மூன்றாம் வசனத்திலேயே அவர்கள் கோபம் தணிந்துவிடுகிறது.

இரண்டாவதில் அதே எப்பிராயீம், அதே கேள்வியைப் பின்னால் வந்த தலைவர் யெப்தாவிடம் கேட்கிறது. இந்தத் தடவை கூடவே, உன்னை வீட்டோடு கொளுத்துவோம் என்ற மிரட்டலும் உண்டு. யெப்தா, 'நான் கூப்பிட்டேன், நீங்கள்தான் வரவில்லை' என்று பதில் சொல்கிறார். விவரம் அவர் பக்கம் சரியாகவே இருந்திருக்கலாம். எப்பிராயீமர் யெப்தாவின் ஆட்களான கீலேயாத்தியரை ஓடிப்போனவர்கள் என்று இளப்பம் பேசுகிறார்கள். யோர்தான் ஆற்றுத் துறைகளில் சண்டை முடிந்தபோது இறந்தவர்கள் 42,000 பேர். எப்பிராயீமருக்கு 'ஷி' வாயில் வராது. ஆற்றைக் கடக்க வந்தவனை 'ஷிபோலேத்' சொல்லச் சொல்லி, 'சிபோலேத்' என்று வந்தால் வெட்டினார்கள். பேச்சின் இழுவையை வைத்தே ஆள் விளவங்கோடா அகஸ்தீஸ்வரமா என்று சொல்லிவிடுகிற மாவட்டத்தில் இந்தப் பகுதியை வாசிக்கும்போது மண்டபம் கொஞ்ச நேரம் அமைதியாகிவிடுகிறது.

இதிலிருந்து குழு எடுக்கிற பாடம் நடைமுறைக்கு உகந்தது. 'விளிக்கல' என்று ஒருவர் வரும்போது அவர் கேட்பது அழைப்பு அனுப்பியதற்கான சாட்சியம் அல்ல. தன் இடம் என்ன என்பதற்கான பதில். சாட்சியத்தை எடுத்து வீசினால் அவர் தோற்கலாம், சண்டை நிற்காது. முதலில் இடத்தைக் கொடுங்கள், விவரத்தைப் பிறகு பேசுங்கள்.

நல்ல பாடம்தான். ஆனால் குழு மூன்றாம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறது, அதே அதிகாரத்தில் கதை தொடர்கிறது. களைத்துப்போன 300 பேருக்கு ரொட்டி கேட்டபோது சுக்கோத் ஊரார் மறுத்தார்கள். அதே கிதியோன் திரும்பி வந்து அந்த ஊர்த் தலைவர்கள் 77 பேரின் பெயரை எழுதி வாங்கி முள்ளாலும் நெரிஞ்சிலாலும் தண்டித்தார். பெனூவேல் ஊர்க் கோபுரத்தை இடித்து, ஆண்களைக் கொன்றார். பலமான கோத்திரத்திடம் பணிவு, சின்ன ஊரிடம் முள். பங்குப்பேரவைத் தலைவரிடம் கைகட்டி நின்றுவிட்டு வீட்டில் வேலைக்காரப் பெண்ணை 'ஏட்டி' போட்டு அழைக்கிறவருக்குக் காட்ட வேண்டிய கண்ணாடி அது. அந்தப் பாதியையும் வாசிக்கவிட்டிருந்தால் சனிக்கிழமைக் காலைக்கு முழு மதிப்பெண் கொடுத்திருக்கலாம்.

சுக்குக்காப்பி இடைவேளைக்குப் பிறகு நாற்காலிப் பயிற்சி. சண்டையில் இருக்கிற இருவரும் வந்திருந்தால் எதிரெதிரே உட்கார வைப்பதில்லை. நாற்காலிகளை ஒரே சுவரைப் பார்த்துக் கொஞ்சம் சாய்த்துப் போடுகிறார்கள். முகத்துக்கு நேர் முகம் உட்கார்ந்தால் வாய் முந்திக்கொள்கிறது என்று காரணம் சொல்கிறார்கள், பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. நடுவில் குழுவிலிருந்து ஒருவர், கையில் கடிகாரம். முதலாமவர் ஐந்து நிமிடம் தன் குறையைச் சொல்கிறார். இரண்டாமவர் பதில் சொல்லக் கூடாது. அந்தக் குறையைத் தன் வாயாலேயே, முதலாமவரின் இடத்தில் நின்று, 'நான்' என்று திருப்பிச் சொல்ல வேண்டும். 'நான் ஒனக்க அண்ணன். என் மவ கல்யாணத்துக்கு நீ பந்தல்ல நிண்ணு ஆளை வரவேற்பேன்னு நெனச்சேன். நீ பந்திக்கு மட்டும் வந்துட்டுப் போன.' முதலாமவர் தலையாட்டும் வரை திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். தலையாட்டிய பிறகே முறை மாறும்.

சொல்லக் கேட்கச் சுலபம், செய்யும்போது மூன்று இடத்தில் வழுக்குகிறது. திருப்பிச் சொல்லும்போது கடைசியில் 'என்று நீ நினைக்கிறாய்' என்று ஒரு வால் ஒட்டிக்கொள்ளும். அந்த வாலிலேயே மறுபடி சண்டை மூளும். வார்த்தை சரியாக இருந்தும் தொனி நக்கலாக இருக்கும். அல்லது குறையைச் சொல்கிறவரே ஐந்து நிமிடத்தில் இருபது வருடத்துக் கதையை அடுக்கிவிடுவார். கடைசிப் பிசகுக்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்: ஒரு நிகழ்ச்சி, ஒரு நாள், ஒரு இடம். எதிராளி வராமல் தனியாகப் போகிறவர்களுக்கு வேறொருவரை எதிராளியாக உட்கார வைக்கிறார்கள். அது நாடகமாகிவிடுகிறது, பாதிப் பலன்கூட இல்லை.

மதியத்துக்கு மேல் மன்னிப்புச் சீட்டு. கால் பங்கு ஏ4 தாள், நாலு கோடு. முதல் கோட்டில் நான் செய்தது. இரண்டாவதில் அதனால் அவருக்கு வந்த நட்டம். மூன்றாவதில் நான் செய்யப்போவது. நான்காவதில் எந்தத் தேதிக்குள். எழுதி முடித்ததும் குழு சிவப்புப் பேனாவோடு வந்து மூன்று வகைச் சொல்லை அடிக்கிறது: 'ஆனா', 'வருத்தப்பட்டிருந்தா', 'ரெண்டு பேருமே'. அடித்த பிறகு என்ன மிச்சமிருக்கிறதோ அதுதான் மன்னிப்பு. ஒரு சீட்டு இப்படித் தொடங்கும்: 'வேலிக்கல்லைக் கொஞ்சம் நகத்தினேன், ஆனா நீங்களும் மாமரத்தை வெட்டினிய.' சிவப்புப் பேனா போன பிறகு: 'வேலிக்கல்லை ஒரு முழம் உங்க பக்கம் தள்ளி நட்டேன். உங்களுக்குக் கிணத்துக்குப் போற வழி குறுகிப்போச்சு. சர்வேயர் வாற செலவை நான் தாறேன். ஈஸ்டருக்கு முன்ன.' ஒரு முழம் என்று அளவு வந்ததும் அது கடவுளிடம் சொல்லும் பொதுவான வருத்தமாக இல்லாமல் அடுத்த வீட்டுக்காரர் பிடித்துக்கொள்ளக் கூடிய பொருளாகிவிடுகிறது. மாமரத்துக்குத் தனிச் சீட்டு, அதை எழுத வேண்டியவர் அடுத்த வீட்டுக்காரர்.

இதற்குப் பின்னால் உறுதியான போதனை இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 1459ஆம் எண்ணில், பாவமன்னிப்பு பாவத்தை நீக்கும், பாவம் உண்டாக்கிய சேதத்தை எல்லாம் சரிசெய்துவிடாது என்று சொல்கிறது. திருடியதைத் திருப்பிக் கொடுப்பது, கெடுத்த பேரை மீட்டுக் கொடுப்பது, காயத்துக்கு ஈடு செய்வது எல்லாம் பாக்கியாகவே நிற்கும். வேலிக்கல் தள்ளியே நிற்க, பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) மட்டும் வருடா வருடம் நடந்துகொண்டிருக்கும் வீடுகளுக்கு இதை அச்சடித்துக் கொடுக்கலாம்.

சண்டையைத் தீர்க்கும் வரிசை பற்றிய அரைமணி நேரப் பகுதியும் தேவலை. மத்தேயு 5:23-24ஐ எல்லோரும் 'யார் மேலாவது மனத்தாங்கல் இருந்தால் காணிக்கையை வைத்துவிட்டுப் போ' என்றுதான் நினைவில் வைத்திருக்கிறோம். வசனம் சொல்வது வேறு: உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை இருப்பது நினைவுக்கு வந்தால். குறை அவருக்கு, நடை உனக்கு. 18:15இல் முதல் படி தனியாக, அவரும் நீயும் மட்டும் இருக்கையில். பிறகு ஒன்றிரண்டு பேரோடு. கடைசியாகத்தான் சபையிடம். நாம் தலைகீழாகப் போகிறோம். முதலில் அன்பிய (பங்கின் தெருக்குழு) வாட்ஸ்அப் குழு, அடுத்து பங்குப்பேரவை, அதற்குள் சமாதானம் ஆகாமல் காவல் நிலையம், எல்லாம் முடிந்து இருவருக்கும் வயதான பிறகு ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரி வார்டில் தனியாக. தாமதத்தின் விலையைப் பற்றி அகுஸ்தினார் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில் சொன்னதையும் எடுத்துக்காட்டுகிறார்கள்: சண்டை வேண்டாம், வந்தால் சீக்கிரம் முடியுங்கள், இல்லையென்றால் கோபம் பகையாகி, துரும்பு உத்திரமாகிவிடும்.

சனி மாலை 4 முதல் 7 வரை பாவசங்கீர்த்தனம். மூன்று அருட்பணியாளர்கள், ஏறத்தாழ 60 பேர். கணக்குப் போட்டால் தலைக்கு ஒன்பது நிமிடம். பொதுவாகப் பங்கில் பெரிய வெள்ளிக்கு முன் கிடைப்பதைவிடத் தாராளம். முன்தயாரிப்பாகச் சொல்லும் அறிவுரை உபயோகமானது. 'ஆணவம் கொண்டேன் சாமி' என்பது மருத்துவரிடம் போய் 'சொகமில்ல' என்று மட்டும் சொல்வது மாதிரி. 'கமிட்டியில தம்பி பேசிக்கிட்டிருக்கும்போது நாலு பேர் முன்னால பேச்சை மறிச்சேன்' என்று சொன்னால்தான் பரிகாரம் பொருந்தும். சி.எஸ்.ஐ. சபையிலிருந்து வந்தவர்களுக்கு இந்த நேரத்தில் தனி ஜெபக் கூட்டம். அங்கே சமாதானம் கொடுக்கும் பழைய முறையைச் செய்யவைக்கிறார்கள். 1950இல் வந்த தென்னிந்தியத் திருச்சபை வழிபாட்டு முறையில் உள்ளது அது: வலது உள்ளங்கையோடு வலது உள்ளங்கை, இடது கை அடுத்தவர் கைமேல் மூடி, வரிசையாக ஆள் மாறி ஆள். அவசரமாக ஒரு கும்பிடு போட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ள இதில் வழியில்லை. கத்தோலிக்கர்களையும் சேர்த்துச் செய்யவைத்தால் என்ன என்று தோன்றுகிறது.

ஞாயிறு காலை, இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைவுகூரும் சடங்கு எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. பன்னிரண்டு நாற்காலிக்கு ஆள் தேர்ந்தெடுத்த விதத்திலேயே கெட்டது: ஒவ்வொரு பங்கிலிருந்தும் 'முக்கியமானவர்' ஒருவர். கடைசி நாற்காலியைப் பற்றி மெல்லிய முணுமுணுப்பும் எழுந்தது. தங்களில் பெரியவன் யார் என்று சீடர்கள் வாதாடியதை லூக்கா கடைசி இராவுணவு மேசையிலேயே வைத்திருக்கிறார் (22:24). அதை அப்போது யாராவது வாசித்திருந்தால் சடங்கே பாடமாகியிருக்கும். அதற்குப் பதில் நான்கு செல்பேசிகள் படம் எடுத்தன.

இனி அந்தப் பேனர் விஷயம். சனி இரவு கேள்விப்பெட்டி நேரம். பெயர் எழுதாமல் கேள்வி போடலாம். வந்த சீட்டுகளில் கணிசமானவை பெண்கள் எழுதியவை என்பது கையெழுத்திலும் விஷயத்திலும் தெரிகிறது. சீதனப் பாக்கிக்காக மாமியார் வீட்டில் ஏச்சு. குடித்துவிட்டு அடிக்கிற கணவன். அப்பா சொத்தில் பங்கு கேட்டதற்காகப் பேச்சை நிறுத்திய அண்ணன்மார். எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே பதில்: 'நீங்க தாழ்ந்து போங்க, ஆண்டவர் உயர்த்துவார்.' வாது அகந்தையினால் மாத்திரம் பிறக்கும் என்று எடுத்துக்கொண்டால் இந்தப் பதில்தான் வரும். அடிக்கிறவனுக்கும் அடிவாங்குகிறவளுக்கும் ஒரே நோய், ஒரே மருந்து. வெள்ளி இரவு கரும்பலகையில் அழகாகப் பிரித்துக் காட்டிய குழு சனி இரவு எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டிவிடுகிறது.

அவர்களே எடுத்துக்காட்டிய அக்குவினாஸ் இதற்கு இடம் கொடுக்கவில்லை. சண்டை தாக்குகிறவருக்குப் பாவம். பகையில்லாமல், அளவு மீறாமல் தன்னைக் காத்துக்கொள்கிறவருக்கு அது பாவமாகாமலும் போகலாம் என்கிறார். வாக்குவாதத்தைப் பற்றியும் உண்மையை எதிர்த்து வாதாடுவது வேறு, பொய்யை எதிர்த்து முறையாக வாதாடுவது வேறு என்கிறார். சகோதரர்கள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடுவதைக் கண்டித்து, அநியாயத்தைப் பொறுத்துக்கொள்ளக் கூடாதா என்று பவுல் கொரிந்தியரைக் கேட்டது உண்மைதான் (1 கொரிந்தியர் 6:7). ஆனால் அடுத்த வசனத்திலேயே அநியாயம் செய்கிறவர்களைப் பார்த்துத் திரும்புகிறார். குழு ஏழாம் வசனத்தை வாசித்தது, எட்டாம் வசனத்தை வாசிக்கவில்லை. பணிவு என்பது தன்னை உள்ளபடி அறிவது. இல்லாத குற்றத்தை ஒப்புக்கொள்வது அதில் சேராது. அடி விழுகிற வீட்டிலிருந்து யாரையும் 'ஆணவம் குறையட்டும்' என்று இந்தத் தியானத்துக்கு அனுப்பாதீர்கள். அவருக்குத் தேவை பெண்கள் உதவி எண் 181, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், நம்பிக்கையான ஒரு வழக்கறிஞர். குழுவில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர்கூட இல்லை. அடுத்த தவக்காலத்துக்குள் ஒருவரையாவது சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு மௌனமும் உறுத்துகிறது. மூன்று நாள் ஆணவத்தைப் பற்றிப் பேசிவிட்டுச் சாதிப் பெருமையை ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போகிறார்கள். பெண் எடுப்பது, கொடுப்பது, கல்லறையில் இடம், திருவிழாவில் எந்தத் தெரு வழியாகத் தேர் வரும் என்பது என்று நம்மூர்ச் சண்டைகளில் எத்தனைக்கு அடியில் அது கிடக்கிறது என்பது குழுவுக்குத் தெரியாதா? ஞாயிறு காலை தேவசகாயத்தின் பெயரில் மன்றாட்டு மட்டும் சொல்கிறார்கள். நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் உத்தியோகம் பார்த்து, 1745இல் திருமுழுக்குப் பெற்று, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டவர் அவர். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டபோது அந்தப் பெயரில் சாதிப் பட்டம் சேர்க்கப்படவில்லை. ஆணவத்தைப் பற்றி நம் மண்ணிலிருந்தே எடுக்கக் கூடிய பாடம் மன்றாட்டு மாலையில் ஒரு வரியாகப் போய்விடுகிறது.

மற்றவை. சாப்பாடு எளிமை, குறையில்லை. இரவில் கஞ்சி, சிறுபயறு, தேங்காய்த் துவையல். சனி மதியம் மரச்சீனியும் மீன்குழம்பும். அறைக்கு நான்கு கட்டில், கொசுவலை இல்லை, சுருள் கொண்டுபோங்கள். ஏற்றத்தில் நடக்க முடியாதவர்கள் முன்பே சொன்னால் ஆட்டோ அனுப்புகிறார்கள். கழிப்பறை சுத்தம். ஒலிபெருக்கியின் சத்தத்தைப் பாதியாகக் குறைக்கலாம். பணிவைப் பற்றி அவ்வளவு உரக்கப் பேசத் தேவையில்லை.

யாருக்கு ஆகும் என்றால், 'விளிக்கல', 'மதிக்கல', 'என்னைக் கேக்கல' வகைச் சண்டைகளுக்கு: அண்ணன் தம்பி, சம்பந்தி வீடு, திருவிழாக் கமிட்டி, பாடகர் குழு. இவற்றுக்கு மாவட்டத்தில் இதைவிட நல்ல பயிற்சி கிடைப்பது கடினம். எல்லைத் தகராறுக்குப் பாதி ஆகும். சீட்டு உதவும், ஆனால் பத்திரமும் சர்வே எண்ணும் தியானத்தில் தீராது. அடிதடிக்கும் சீதனக் கொடுமைக்கும் ஆகாது.

பங்கில் மூன்று மாலைக் கூட்டமாக ஏற்பாடு செய்கிறவர்கள் நாற்காலிப் பயிற்சியையும் சீட்டையும் வெட்டிவிட்டுப் பேச்சை மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள், நேரமில்லை என்று. வெட்டுவதானால் பேச்சில் ஒன்றை வெட்டுங்கள். பதிவு செய்யும்போது எதிராளியையும் கூட்டிக்கொண்டே போங்கள். இருவருக்கும் சேர்த்து நீங்களே 1,400 ரூபாய் கட்டினாலும் தகும், கட்டியதை அவரிடம் சொல்ல வேண்டாம். ஒரே அறை மட்டும் கேட்காதீர்கள். முதல் நாள் இரவு சண்டை மனத்திலிருந்து வாய்க்கு வரும் நேரம், நாலு கட்டில் அறைக்கு அது தாங்காது.